பெட்டிக்குள் அடங்காத பெயர்

மெட்டுகுடா மங்கையர்க்கரசிக்கும் ஜகதீசனுக்கும் ஜென்மப் பகை என்று சொல்லிவிட முடியாது. எட்டு வருடப் பகைதான். பாலாநகரில் கியர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. ஜகதீசன் அங்கே மேனேஜர், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். மங்கையர்க்கரசி கம்ப்யூட்டரில் கியர் வரைபவர்.

சாதா கியர் இல்லை, பற்கள் சாய்ந்து முறுக்கிக்கொண்டு போகும் ரகம். ஒரு பல்லின் வடிவத்தைப் போட்டு, சுருள்கோட்டின் வழியே அதை இழுத்துப் போகவேண்டும். கொஞ்சம் பிசகினால் சாஃப்ட்வேர் சிவப்பு எழுத்தில் திட்டும். திட்டு வாங்குபவர் மங்கையர்க்கரசி. வரைபடத்து மூலையில் 'வரைந்தவர்' என்ற பெட்டியில் இருப்பவர் ஜகதீசன். அந்தப் பெட்டியில் பெயர் வந்தால்தான் சீனியர் பதவி.

கேட்டால், "பேரு நீளமுங்க அம்மணி. பொட்டிக்குள்ள அடங்காதுங்க" என்பார். ஜகதீசன் யாரை மிதித்தாலும் மரியாதையோடுதான் மிதிப்பார்.

"பொட்டிய பெரிசு பண்ணுங்க சார். கைக்கு என் பேர வெட்டுறீங்க?" 'கைக்கு' என்றால் அந்த ஊர் உருதுவில் 'எதுக்கு'.

போன மாதம் ஒரே அளவில் ஒரு ஜோடி கியருக்கு ஆர்டர் வந்தது. முதல் கியரை முடித்துவிட்டு மங்கையர்க்கரசி பல்வலிக்கு லீவு போட்டார். இரண்டாவதை ஜகதீசனே செய்தார். செய்தார் என்றால், முதலாவதைக் காப்பி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று வலப்பக்கம் முறுக்கினால் அதன் ஜோடி இடப்பக்கம் முறுக்கவேண்டும், கண்ணாடியில் தெரிவது மாதிரி. இவருடையது இரண்டும் வலது. திரையில் ஜோராகச் சுற்றின. பல்லுக்குள் பல் புகுந்து போனால் சாஃப்ட்வேருக்கு வலிக்கவா போகிறது?

சோதனைக்காக பிளாஸ்டிக்கில் செய்த கியர்கள் வந்ததும் குட்டு உடைந்தது. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் மாட்டினால் இரண்டும் சேரவே இல்லை.

மறுநாள் காலை மங்கையர்க்கரசி வரைபடத்தைத் திறந்தார். வரைந்தவர்: பா. மங்கையர்க்கரசி. முழுப் பெயர், பிழையில்லாமல், எறும்புக்கால் எழுத்தில். அரை நிமிடம் சந்தோஷப்பட்டார். பிறகு கியரைப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு முதலாளி ஜெயராம் வாடிக்கையாளரோடு வருகிறார்.

"உங்க படம் தப்பாயிருச்சுங்களே அம்மணி. சட்டுனு சரி பண்ணுங்க" என்றார் ஜகதீசன்.

பத்து நிமிடத்தில் சரியானது. ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. திருத்திய படம் வெளியே போகவேண்டுமானால், ஓரத்துக் கட்டத்தில் காரணம் எழுதி மேனேஜர் கையெழுத்துப் போடவேண்டும். ஜகதீசன் காரணத்தைப் படித்தார்: 'முந்தைய படத்தில் இரண்டாவது கியர் ஜகதீசன் வரைந்தது. அவர் அதைத் திருப்பாமல் காப்பி எடுத்ததால் சேரவில்லை. திருத்தி வரைந்தவர் பா. மங்கையர்க்கரசி.'

"இதெல்லாம் எதுக்குங்க? எடுத்துருங்க."

"நக்கோ சார், எடுக்க மாட்டேன். வேணாம்னா பழைய படத்தையே எடுத்துட்டுப் போங்க. மொதலாளி முன்னாடி அந்த பிளாஸ்டிக் கியரக் கம்பில மாட்டிக் காட்டுங்க."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இம்புட்டும் இந்தக் கட்டத்துல எப்படிங்க அடங்குச்சு?"

"நீங்க காட்டிக் குடுத்த எழுத்துதான் சார்."

ஜகதீசன் கையெழுத்துப் போட்டார். போட்ட வேகத்தில் அது கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.