மூன்று கணினியும் ஒரு மீற்றரும்

கணினி பூட்டி விற்கிற தொழிலில் சாமானைவிட வாயைத்தான் கூடுதலாகச் செலவழிக்கவேண்டும். கடை வைத்திருக்கிற சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! ஆனால் புளியந்தீவில் என் கடை மேசையில், எனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறது: செருகினால் எத்தனை வாட் இழுக்குது என்று காட்டுகிற ஒரு சின்ன மீற்றர்.

பெட்டியில் போட்ட இலக்கம்

காத்தான்குடி முஸ்லிம் நானா ஒருவர் இரண்டு ப்ரொசசர் பெட்டிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார். இரண்டுக்குள்ளும் கிராபிக்ஸ் சேர்ந்தே இருக்கிறது. படம் காட்டத் தனிக் கிராபிக்ஸ் காட் தேவையில்லை. இரண்டிலும் அறுபத்தைந்து வாட் என்றுதான் போட்டிருந்தது. "அப்ப ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி, விலை குறைஞ்சதைத் தாங்க" என்றார்.

இரண்டையும் பூட்டி, ஒரே வீடியோவை ஓடவிட்டேன். மீற்றரில் ஒன்று நாற்பதில் நின்றது. மற்றது இருபத்தைந்தைத் தாண்டவே இல்லை. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுகா இன்னொருதரம் குனிந்து பார்த்தார்.

"யா அல்லாஹ்! நெத்தியில எழுதினது ஒண்டு, வயித்துக்குள்ள போறது வேறொண்டு!"

என் மானம் போன காலை

வவுணதீவில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் வந்தார். கரண்ட் போனால் அவர் வகுப்புக்குச் சோலார் பற்றரிதான் கதி. அவருடைய பழைய மூன்று கணினிகளிலும் இருந்தது கரண்டைக் குடிக்கிற தனிக் கிராபிக்ஸ் காட். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் இன்வேர்ட்டர் கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். பிள்ளைகள் செய்த வேலை அவ்வளவும் போய்விடும். செயன்முறைப் பரீட்சை வேறு கிட்டிவிட்டது. ஒரு கணினி முப்பது வாட்டுக்கு மேல் இழுத்தால் வேண்டவே வேண்டாம் என்றார்.

நானும் பெரிய எடுப்பில் இருபத்தைந்தைத் தாண்டாத அந்தச் சிக்கனக்காரனைச் செருகினேன். மீற்றர் காட்டியது எழுபத்தைந்து! எனக்கு வேர்த்துக் கொட்டியது. ராம் மாற்றினேன், பவர் சப்ளை மாற்றினேன், ம்ஹூம். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். எழும்பியவர் மேசைக்குக் கீழே பார்த்தார்.

"ஏன் புள்ள, உங்கட ஃபேனும் மீற்றரில செருகின இதே மல்டிபிளக்கிலதானே சுத்துது?"

கரண்டை நிறுத்திப் பார்த்தோம்

அன்றைய வெக்கைக்கு நானே செருகின ஃபேனைக் கழற்றியதும் மீற்றர் இருபத்தைந்துக்கு இறங்கியது. டீச்சர் மூன்று கணினி எடுத்தார். நானே வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன்.

மூன்றும் ஓடிக்கொண்டிருக்க, டீச்சர் மெயின் சுவிச்சை இறக்கினார். பிள்ளைகள் எல்லோரும் ஒரேயடியாகச் சேமிப்பு விசையை அமுக்கினார்கள். ஒரு வரி தட்டினால் ஒருதரம் சேமிப்பது அந்த வகுப்பின் பழக்கம், அவ்வளவு அடிபட்டிருக்கிறார்கள். இன்வேர்ட்டர் கத்தும் என்று நானும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அது வாயே திறக்கவில்லை. அரை மணித்தியாலம் ஆகியும் மூன்று திரையிலும் வெளிச்சம். எனக்குப் பெருமையென்றால் பெருமை, அதை ஏன் ஒளிப்பான்! பிள்ளைகள்தான் இன்னும் சேமித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒரு பிள்ளையின் விரலை மெதுவாக விலக்கிவிட்டார்.

"இனி அணையாது புள்ளையள், ஆறுதலா யோசிச்சு எழுதுங்க."

இப்போது யார் வந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு மீற்றரைத்தான் பேசவிடுகிறேன், ஃபேனை எதிர்ச் சுவரில் செருகிவிட்டு.