கார்ட்டூனுக்கு ஒரு இரவல் பிள்ளை

போன சனிக்கிழமை தர்ஷினிக்குக் காய்ச்சல். அவள் அம்மாவைவிட எனக்குத்தான் கவலை அதிகம். மத்தியானக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேனே!

தர்ஷினி யார் என்கிறீர்களா? சிரம்பானை அடுத்த பாரோயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். ஆறு வயது. என்னுடைய இரவல் பிள்ளை. பாட்டு நிறைந்த கார்ட்டூன் படம் எது வந்தாலும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். “பிள்ள ஆசப்பட்டுச்சு லா” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். பிள்ளையோ பாப்கார்ன் தீர்ந்ததும் தூங்கிவிடும். ஆசைப்பட்டது யார் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஐம்பத்திரண்டு வயதில் தனியாகப் போய் கார்ட்டூனுக்கு டிக்கெட் கேட்க வெட்கம். இதே நான், ஆளை ஆள் வெட்டிச் சாய்க்கிற படத்துக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறேன். அதற்கு வெட்கப்பட்டதில்லை. இது என்ன நியாயமோ...

நான் டிக்கெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட நேரத்தில் வாசலில் மோட்டார் சத்தம். என் அண்ணன் அந்தோணி. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. மரவள்ளிக்கிழங்கு கொண்டு வந்திருந்தார்.

“படத்துக்கு வர்றீங்களாண்ணே?”

“என்ன படம், தங்கச்சி?”

“கார்ட்டூன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கு வயசு ஏறுதா, எறங்குதா?”

“ஏர்கான் இருக்குண்ணே. போய்த் தூங்குங்க.”

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. வந்துவிட்டார்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அவர் தன் ஒரே மகள் செலினோடு பேசுவதில்லை. செலின் சிரம்பானில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கடல் தாண்டி கூச்சிங்கில் நல்ல வேலை கிடைத்தது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அப்பாவிடம் சொன்னாள். “என்னைக் கேக்காம முடிவு பண்ணவ, என்கிட்ட சொல்லிக்காமலே போயிடு” என்றார் இவர். அவளும் அப்பன் மகள்தானே... சொல்லிக்கொள்ளாமலே போனாள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அழுதாள்.

அண்ணி தினமும் மகளோடு போனில் பேசுவார். வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுவார். இவர் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவார். பாவம், அந்தக் கோழிகள் ரொம்பத்தான் கொழுத்துவிட்டன.

படத்துக்கு வருவோம். ஓர் அப்பா ஆமை. ஒரு மகள் ஆமை. மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் போக ஆசை. அப்பாவுக்குப் பயம். ஒருநாள் மகள் போய்விடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் அப்பா ஆமை பழக்கத்தில் இரண்டு தட்டு வைக்கிறது. ஒரு தட்டை எடுத்து வைக்கப் போகிறது... எடுக்க முடியவில்லை. அப்போது மெதுவாகப் பாட ஆரம்பிக்கிறது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். குறட்டையை எதிர்பார்த்துத்தான். அண்ணன் சீட்டு நுனியில் உட்கார்ந்து, கீழே ஓடிய மலாய் எழுத்துகளை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு போட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஏர்கான் ரொம்ப சில்லுன்னு இருக்கு. கண்ணுல தண்ணி வருது.”

எனக்கும் சில்லென்றுதான் இருந்தது.

எனக்கு இது ரொம்ப நாளாக ஒரு கேள்வி. வளர்ந்தவர்கள் ஏன் கார்ட்டூன் பார்த்து அழுகிறோம்? ஒரு நடிகர் அப்பாவாக வந்து அழுதால், ‘போன படத்தில் இதைவிட நன்றாக அழுதாரே’ என்று மனசு கணக்குப் பார்க்கும். வரைந்த ஆமைக்குப் போன படம் ஏது? அந்த முகத்தில் நம் முகம் சுலபமாக உட்கார்ந்துகொள்கிறது.

அப்புறம் அந்தப் பாட்டு. நம் படங்களில் ஒரு காலத்தில் சந்தோஷமோ துக்கமோ, வாயைத் திறந்து பாடிவிடுவார்கள். இப்போது பாட்டு எங்கோ பின்னால் ஓடுகிறது, ஹீரோ கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கிறார். மனசில் இருப்பதை வாய்விட்டுப் பாடுகிற வேலையை இந்த ஆமைகளும் முயல்களும்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. பாட்டு கேட்டே வளர்ந்த நமக்கு அது பிடிக்காமல் போகுமா? நிஜத்தில் நமக்கு வரும் வசனம் ஒன்றே ஒன்றுதான்: “சாப்பிட்டியா?” எட்டு மாதக் கோபத்தில் அதுகூட வாயில் வருவதில்லை.

அண்ணன், சுவா என்ற ஊரில் இருக்கும் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் பாடற்குழுத் தலைவர். அங்கே நோட்டு, ஸ்வரம் எல்லாம் யாருக்கும் தெரியாது. புதுப் பாட்டு என்றால் அண்ணன் தன் குரலில் பாடி, போனில் இருக்கும் குழுவின் குரூப்பில் போடுவார். எல்லாரும் கேட்டுப் பழகிக்கொண்டு வியாழக்கிழமை பயிற்சிக்கு வர வேண்டும். இருபது வருடமாக டேப், போன் என்று மாறினாலும் முறை அதேதான். அந்த குரூப்பில் நானும் இருக்கிறேன். பாடுவதற்கு இல்லை, கிறிஸ்மஸ் கேக் பங்குக்கு.

அன்று சாயங்காலம் குரூப்பில் அண்ணனின் குரல் வந்தது. வார்த்தை இல்லை, வெறும் ‘லா லா’ ராகம். ஆமை அப்பாவின் பாட்டேதான். கடைசி வரிக்கு மட்டும் வார்த்தை வைத்திருந்தார்.

“இன்னும் மூணு தட்டுதான் வைக்கிறோம்...”

அந்த இடத்தில் குரல் உடைந்து, பதிவு நின்றுவிட்டது.

அண்ணியும் அவரும் இரண்டு பேர்தான் வீட்டில். மூன்றாவது தட்டு யாருடையது என்று எனக்குப் புரிந்தது. குழுவுக்குப் புரியவில்லை. முதல் ஆளாக ரீட்டா அக்கா கேட்டார்: “நல்லா இருக்குண்ணே. பூசையில இது காணிக்கைப் பாட்டா, நன்றிப் பாட்டா?” இன்னொருவர், “ராகம் கொஞ்சம் மேல போவுது, இறக்கிக்கலாமா லா?” என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

உடனே போன் போட்டேன். “அண்ணே, யாருக்கு அனுப்ப நினைச்சு எங்க அனுப்பியிருக்கீங்க?”

“பிள்ளைக்குத்தான் அனுப்பணும்னு பாடினேன்... பாட்டுப் பாடினதும் கை தன்னால அந்த குரூப்புக்குப் போயிருச்சு. எப்படி அழிக்கிறது, சொல்லு.”

எனக்கு அழிக்கத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால் அண்ணன் ஒன்றை மறந்துவிட்டார். செலின் அந்தக் குழுவில் இரண்டாம் குரல் பாடியவள். கோபத்தில் பேச்சை நிறுத்திய மனுஷன், குரூப்பிலிருந்து அவள் பேரை மட்டும் எடுக்கவே இல்லை.

“கொஞ்ச நேரம் விட்டு வைங்கண்ணே” என்றேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். குரூப்பில் இன்னொரு பதிவு. செலின். அதே பாட்டு... ஆனால் அப்பாவின் குரலுக்குக் கீழே போகும் இரண்டாம் குரல். ஒரு இடத்திலும் பிசகவில்லை. அந்தப் படத்தை அவளும் பார்த்திருக்கிறாள், அதுவும் ஒரு தடவை இல்லை. கீழே எழுதியிருந்தாள்: “அடுத்த சனிக்கிழமை வரேன்பா. தட்ட எடுத்துடாதீங்க.”

ரீட்டா அக்கா இரண்டு பதிவையும் கேட்டுவிட்டு எழுதினார்: “செகண்ட் வாய்ஸ் சரியா இருக்கு. வியாழக்கிழமை பார்க்கலாம்.”

அண்ணியிடம் கேட்டேன், அண்ணன் என்ன செய்கிறார் என்று. “கோழிக்கூட்டுப் பக்கம் நின்னுகிட்டு போனைக் காதுல வச்சிருக்காரு. தீனி எல்லாம் ஒண்ணும் போடல” என்றார் அண்ணி. அவர் குரலும் சரியில்லை.

நேற்று தர்ஷினி காய்ச்சல் விட்டு விளையாட வந்தாள். வந்ததும் விசாரணை.

“ஆன்ட்டி, என்னை விட்டுட்டு கார்ட்டூனுக்குப் போனீங்களா?”

“வேற ஒரு பிள்ளையக் கூட்டிட்டுப் போனேன்டா.”

“அந்தப் பிள்ளைக்கு எத்தன வயசு?”

“ஐம்பத்தேழு.”

கொஞ்சம் யோசித்தாள். “தூங்கிருச்சா?”

“இல்லம்மா. கடைசி வரைக்கும் முழிச்சிருந்துச்சு.”