ஊதா உப்பும் புதுக் கூரையும்

லாய் சியூலானுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் நியோடிமியம் குளோரைடு கரைசல் தேறியதா இல்லையா என்று ஆய்வகம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவாள். நல்ல ஊதாவாக இருந்தால் நியோடிமியம். மின் ஸ்கூட்டர்க் காந்தத்துக்குப் போகலாம். பச்சை தட்டினால் பக்கத்து வரிசைத் தொட்டிகளில் ஓடும் பிரசியோடிமியம் கலந்துவிட்டது என்று பொருள். சீனாவின் கான்சோ ஆலைக்கு மூட்டை தூக்க வந்தவளைத் தொட்டி வரிசைக்குப் பொறுப்பாக்கியது அந்தக் கண்தான்.

புத்தாண்டு விடுமுறைக்குப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் கடைசியாக இரண்டு வரிசைக்கும் இடையிலுள்ள குழாய்களை அடைத்துவிட்டுப் போனவளும் அவள்தான். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், ஊதா இருக்க வேண்டிய தொட்டியில் பச்சை பாய்ந்த வெளிறிய நீலம்! அந்த இரண்டு உப்பும் கலந்தால் லேசில் பிரியாது. மண்ணெண்ணெய்க் கலவையோடு கலக்கிக் கலக்கி எண்பது தொட்டி தாண்ட வேண்டும். இருபது பேரின் ஒரு மாத உழைப்பு பாழ். அவளுக்கோ மறுபடி மூட்டைதான்.

பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. மனசு கேட்கவில்லை. மேற்பார்வையாளர் லியாவிடம் போனாள்.

“அண்ணே, கொழாயைச் சரியா அடைக்காமப் போயிட்டேன் போல. பச்சை ஏறிடுச்சு.”

லியாவ் எட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

“அடிப்பாவி! பஸ்ஸு என்ன, உன்னை விட்டுட்டா போயிடும்? ஒரு புட்டி மொண்டு ஆய்வகத்துல குடு. நான் மேனேஜருக்குப் போன் போடறேன்.”

முற்றத்தில் நல்ல வெயில். பாதி வழியில் புட்டியைப் பார்த்தாள். ஊதா! திரும்பி உள்ளே ஓடினாள். நீலம். அண்ணாந்து பார்த்தாள். விடுமுறையில் கூரையின் கண்ணாடித் தகடுகளை எடுத்துவிட்டுத் தகரம் வேய்ந்து, வெள்ளைக் குழல்விளக்கு மாட்டியிருந்தார்கள். பதினோரு வருஷமாக அந்த உப்பை அவள் பகல் வெளிச்சத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

“அண்ணே, போனை வைங்க! ஓடியாங்க!”

லியாவ் புட்டியோடு மூன்று தரம் உள்ளே போய் வெளியே வந்தார். விளக்குக்குத் தகுந்தபடி இந்த உப்பு நிறம் காட்டும் என்பது படித்தவர்களுக்குத் தெரியுமாம். தொட்டியடியில் நிற்கிறவளிடம் சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஆய்வகமும் சுத்தம் என்று சொன்ன பிறகு, சியூலான் படியில் உட்கார்ந்து அழுதாள்.

“செய்யாத தப்பை ஒத்துக்கிட்டவ நீ ஒருத்திதான்! இப்ப எதுக்கு அழுவுறே?”

“பத்து நாளா வீட்ல சோறு எறங்கலண்ணே. கொழாயை அடைச்சேனா, இல்லையான்னு...” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அடைச்சிருக்கேண்ணே!”