சொல்லாமல் வந்த நஸீர் சேர்

ராசம்மாவின் இரண்டு விரல்கள் ஷீட் மெஷினில் போனது விபத்தல்ல. றப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் அந்த மெஷினின் காப்பு மூடியை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று நிர்வாகமே கழற்றி வைத்திருந்தது. அது குற்றம். அப்படிச் சொன்ன முதல் அரசாங்க அதிகாரி, தொழில் திணைக்களத்தில் இருந்த நஸீர் சேர், போன வெள்ளிக்கிழமை மாவனல்லையில் காலமானார். பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டார்கள். அவருடைய மகனின் கையைப் பிடித்துவிட்டுத் திரும்பினேன்.

கேகாலைப் பக்கத்து எங்கள் தோட்டத்தைக் கம்பெனி எடுத்த புதிதில் நடந்தது அது. நான் எங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. தொழிற்சட்டத்தைத் தமிழில் கிடைத்த அளவுக்கு நானே படித்தேன். திணைக்களத்துக்கு மனு எழுதியவனும் நானே. அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்ததும், தோட்ட வாசலில் தப்படித்து, மாலை போட்டு, மெஷின் இருக்கும் றப்பர் ஸ்டோர் வரைக்கும் ஊர்வலமாக அழைத்துப் போனோம். போய்ப் பார்த்தால் மெஷினில் மூடி மாட்டியிருந்தது. தப்பு மேளச் சத்தம் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் கேட்டிருக்கிறது.

நஸீர் சேர் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"தலைவர், நான் என்ன கல்யாண மாப்புளயா? விசாரிக்க வந்தவன இப்பிடியா கூட்டிக் கொண்டு வாறது?"

"வந்தவங்கள வரவேற்கிறது எங்க வழக்கங்க சேர்" என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

"அப்ப அடுத்த முற நான் வாறது ஒங்களுக்கும் தெரியாது."

சொன்னபடியே செய்தார். ஒரு நாள் றப்பர் மலையின் குறுக்குப் பாதையில் தனியாக ஏறி, மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டோருக்குள் வந்து நின்றார். மூடி இல்லை. துரை ஓடி வந்து, யாரைக் கேட்டு உள்ளே வந்தீர் என்று கத்தினார். சேர் அடையாள அட்டையைக் காட்டிச் சிங்களத்தில் பதில் சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "ஆள் வேல செய்ற எடத்துக்கு வர எனக்கு அவர்ட அனுமதி தேவல்ல. ஒங்களோட தனியாப் பேசணும். அவர் வெளிய நிப்பார்."

துரை வெளியே நின்றார். அப்படி ஒரு காட்சியை எங்கள் தோட்டம் அன்றுதான் பார்த்தது.

ராசம்மா கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "இப்ப எம் மகதாங்க இந்த மெஷின்ல நிக்கிறா. நான் வாயத் தொறந்தா அவளுக்கு வேல போயிருமுங்க."

"வேலய நிப்பாட்டினா அதுக்கும் நான் வருவேன். நீங்க பேசாம இருந்தா, அவட வெரலுக்கு நான் என்ன செய்ய?"

ராசம்மா சொன்னாள். அவள் தொடங்கியதும் எல்லாரும் சொன்னார்கள்.

மூடி போடும்வரை மெஷினை ஓட்டக் கூடாது என்று சேர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். மேலிடத்து ஆட்கள் பேசிப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை. மூடி வந்தது, கழற்ற முடியாதபடி. ராசம்மாவின் மகள் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள், பத்து விரலோடு.

"அதிகாரம் இருந்தும் பாவிக்காட்டி, அதுவும் குத்தந்தான்" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சொல். அதை வைத்தே கேட்கிறேன். திணைக்களம் தமிழ் பேசும் அதிகாரியை அனுப்ப வேண்டும். அவர் அறிவிக்காமல் வர வேண்டும். கம்பெனிகள், தொழிலாளி பேசும் இடத்தைவிட்டு விலகி நிற்க வேண்டும். சங்கத் தலைவர்கள் துரையின் பங்களாவில் தேநீர் குடிப்பதற்கு முன் ஸ்டோருக்குள் போக வேண்டும். மெஷினில் நிற்பவர்கள், மூடி இல்லையென்றால் யாரையும் கேட்காமல் கையை எடுத்துவிட வேண்டும்.