இரண்டாவது வண்டி

மஸ்கட்டில் நாங்கள் தங்கும் அறையில், அதிராம்பட்டினத்து பஷீர் பாய் செல்போனில் நிலாவின் தரையைக் காட்டினார்.

"இங்க ஊர் கட்டப் போறாங்களாம். மனுஷன் இருப்பானா தம்பி?"

அந்தச் சாம்பல் வெளுப்பு எனக்குத் தெரிந்ததுதான். எனக்கு ஏழு வயதில், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உப்புப் பூத்த களர் நிலத்தில் அப்பா குடிசை போட்டார். நடந்தால் தரை அப்பளமாக நொறுங்கும். விதைத்ததெல்லாம் கருகியது. எங்களைத் திரும்ப அழைத்துப் போக மாமா மாட்டுவண்டியோடு வந்தார்.

"புல்லுகூட மொளைக்கல. கெளம்பும்மா."

"காலி வண்டியோடயா வந்தீங்க? அடுத்த தடவ குளத்து வண்டல் அள்ளிட்டு வாங்கண்ணே," என்றாள் அம்மா.

மாமா கோபித்துக்கொண்டு போனார். மறுவாரமே வண்டி நிறைய வண்டலோடு வந்தார். அதில்தான் முதல் கீரை முளைத்தது.

"தாராளமா இருக்கலாம் பாய்," என்றேன். "ரெண்டாவது வண்டி மட்டும் வந்துடணும்."