கிளச் இல்லாமல் இறம்பொடை ஏற்றம்

போன செவ்வாய்க்கிழமை என் காரில் கிளச் போய்விட்டது. இந்த வாரம் எழுதுவது அதைப் பற்றித்தான். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வாடகைக் கார் ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. எனக்குக் கற்றுக் கொடுத்தவர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று — கிளச்சை மிதிக்காமல் கியரைத் தொடாதே. தொட்டதில்லை. இடது கால் அதன் வேலையைச் செய்தது. நான் என் வேலையைச் செய்தேன்.

அன்று காரில் இரண்டு பேர். மாரிமுத்து, அவர் மனைவி செல்லம்மா. இறம்பொடைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்காரர்கள். மாரிமுத்துவுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில் வேலை. கொழுந்து அரைக்கிற ரோலர் அவர் பொறுப்பு. செல்லம்மா கொழுந்து எடுக்கிறவர்.

நுவரெலியாவில் பத்து மணிக்கு அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை. மனுப் போட்டு மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்ட நேரத்தில் ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. பஸ்ஸை நம்ப முடியாது என்று என்னைப் பிடித்தார்கள்.

செல்லம்மா மடியில் ஒரு தகரப் பெட்டி. பிறந்த பத்திரம், கல்யாணப் பதிவு, தோட்டத்துத் துரை கொடுத்த கடிதம் எல்லாம் அதற்குள். பெட்டிக்கு மேலே ஒரு தேங்காய்.

தேங்காய் யாருக்கு என்று அந்த ரோட்டில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்தின் நடுவே ஒரு வளைவில் கல்லுப் பிள்ளையார் இருக்கிறார். லொறியோ, பஸ்ஸோ, காரோ... அங்கே நிற்காமல் போன டிரைவரை நான் கண்டதில்லை. இறங்கி ஒரு கும்பிடு, நெற்றியில் திருநீறு, அப்புறம்தான் மேலே.

அவருக்கு இரண்டு வளைவு முன்னால் கிளச்சை மிதித்தேன். கால் பலகை வரைக்கும் போனது. பெடல் திரும்பி வரவில்லை. கீழே ஏதோ இரும்பு ரோட்டில் விழுந்த சத்தம்.

"என்னாண்ணே அது?" என்றார் மாரிமுத்து.

"கிளச்."

"அது இல்லாமப் போவுமா?"

"தெரியாது."

உண்மையாகவே தெரியாது. கார் இரண்டாம் கியரில் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் தெரியும். அந்த ஏற்றத்தில் நின்றால் மறுபடி கிளப்ப வழி இல்லை. மூன்று பேர் தள்ளி மேலே ஏறுகிற காரும் இல்லை. சரி, இரண்டிலேயே போகலாமே என்றால்... ரேடியேட்டர் கொதிக்கும், நுவரெலியா போய்ச் சேரப் பதினொரு மணியாகும்.

வளைவு தாண்டிக் கொஞ்சம் சமதளம் வந்தது. மூன்றாம் கியருக்குத் தள்ளிப் பார்த்தேன். கறகறவென்று அரைத்தது. பல் கூசியது. விட்டுவிட்டேன்.

"அவசரப்படுறீங்கண்ணே," என்றார் மாரிமுத்து. அதுவரை ரோட்டைப் பார்த்தவர், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கார் ஓட்டத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது. ஸ்டோருல ஒரு ரோலருக்காக எஞ்சின நிறுத்த மாட்டாங்க. ஓடுறப்பவே கம்பால பெல்ட்ட ரோலர் சக்கரத்துக்குத் தள்ளணும். முந்துனா தெறிச்சிரும், பிந்துனா வழுக்கிரும். சத்தத்தக் கேட்டுத்தான் தள்ளுறது. நான் சொல்றேன், நீங்க தள்ளுங்க."

கார் ஓட்டத் தெரியாத மனிதர், காரோட்டிக்குக் கியர் சொல்லுகிறார். வேறு வழி?

ஆக்ஸிலரேட்டரை விட்டேன். கியரை நடுவில் இழுத்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது.

"இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப."

தள்ளினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

அடுத்த வளைவுக்கு மறுபடி இரண்டு வேண்டும். அதே மாதிரி சத்தம் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். அரைத்தது. "இதுக்கு ஏத்தணும்ண்ணே," என்றார். நடுவில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சத்தம் ஏறியது. "இப்ப." விழுந்தது.

மேல் கியருக்குச் சத்தம் இறங்க வேண்டும். கீழ் கியருக்குச் சத்தம் ஏற வேண்டும். இது என்ன நியாயம்? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பிள்ளையார் வந்துவிட்டார்.

"அண்ணே, நிப்பாட்டுங்க."

"முடியாது தங்கச்சி."

"நிக்காம எப்பிடி? இன்னைக்குப் போயி..."

"நின்னா அவரு பக்கத்துலயே நாமளும் உக்காந்துக்க வேண்டியதுதான்."

செல்லம்மா கண்ணாடியை இறக்கினார். கையை வெளியே நீட்டித் தேங்காயை எறிந்தார். வளைவு திரும்பிவிட்டோம். எங்கே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"ஒடைஞ்சிச்சா?" என்றார் செல்லம்மா.

"கேக்கல," என்றார் மாரிமுத்து.

"பெல்ட்டு அறுந்தா லயத்து வீட்டுல படுத்துக்கிட்டே கேக்குது. சாமி தேங்கா மட்டும் கேக்கல."

பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது அலுவலக வாசலில் காரை நிறுத்தினேன். நிறுத்தக் கிளச் வேண்டியதில்லை. கால் மட்டும் நடுங்கியது. அது இடது கால். வழி முழுக்கச் சும்மா இருந்த கால். அது ஏன் நடுங்க வேண்டும்?

நானும் உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். நல்ல அறை. மேசை, மூன்று நாற்காலி. விசாரிக்கிற துரை மரியாதையாகத்தான் பேசினார். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

"இந்தியாவுக்குப் போனதுண்டா?"

"இல்லைங்க."

"போக ஆசை உண்டா?"

மாரிமுத்து உடனே சொன்னார். "எங்க தாத்தா அங்க ஒரு கெணறு வெட்டுனதா அப்பா சொல்லுவாருங்க. ஒருக்கா பாத்துட்டு வந்தா நல்லதுங்க."

செல்லம்மா பெட்டியை இறுக்கிப் பிடித்தார். தமிழில் பேசியவர் துரைக்கு ஒரே வரியில் சொன்னார். துரை ஒரு பக்கத்துக்கு எழுதினார். ஒரு வரியில் என்ன இருந்தது, ஒரு பக்கத்துக்கு எழுத? கேட்கிற இடம் இல்லை அது.

"போகலாம். கடிதம் வரும்."

ஒரு பட்டறையில் புதுக் கிளச் கம்பி போட மூன்று மணி நேரம் ஆனது. தேத்தண்ணீர் குடித்தோம். திரும்புகிற வழியில்தான் செல்லம்மா ஆரம்பித்தார்.

"கெணறாம் கெணறு. அத ஒங்கப்பாவே ஒழுங்காப் பாத்ததில்ல. அவரு அப்பா சொன்ன கத அது. நீங்க இங்கயே பொறந்தவரு. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஆச இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு. பொய்யா சொல்றது?"

"ஆச இருந்தா? புள்ளைங்க இங்க, வேல இங்க. நாளைக்கு நீ அங்க போன்னு சொன்னா கெணத்துலயா குடியிருப்பீங்க?"

நான் கிளச்சை மிதித்துக் கியரை மாற்றினேன். புதுக் கம்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மிதிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் — இது இல்லாமலும் வந்தோமே, அப்படியானால் இது எதற்கு? பாட்டன் காலத்தில் இருந்து ஒரு பத்திரமும் இல்லாமல் இந்த மலையில் ஓடியவர்களை இப்போது பத்திரம் எங்கே என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? தெரியவில்லை. எனக்குக் கார்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவும் தெரியாதாம்.

பிள்ளையாரிடம் நிறுத்தினேன். இறங்கிக் கும்பிட்டேன். செல்லம்மா ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் புல்லை விலக்கித் தேடினார். தேங்காய் கிடைத்தது. முழுசாக. ஒரு கீறல் இல்லை.

"இப்ப ஒடைக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

நிற்காமல் எறிந்த தேங்காயை எடுத்து மறுபடி உடைக்கலாமா? பூசாரிக்கே தெரியுமோ என்னமோ. மாரிமுத்துவைப் பார்த்தேன். அவர் ரோட்டு மதகுச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வர்றப்ப அத்தன தடவ சரியாச் சொன்னீங்க," என்றேன். "அங்க போயி ஏங்க முந்திட்டீங்க?"

"அந்த ரூம்புல சத்தமே இல்லண்ணே. எதக் கேட்டுத் தள்ளுறது?"

செல்லம்மா தேங்காயை முந்தானையால் துடைத்தார். பெட்டிக்குள் பத்திரங்களோடு வைத்து மூடினார். கடிதம் வரட்டும் என்றார்.

இன்னும் உடைக்கவில்லை.