அழகுமலையின் வாந்திக் கொள்கை

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு எங்களைத் தினமும் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர் அழகுமலை, மனித மனத்தைப் பற்றி ஒரு கொள்கை வைத்திருந்தார். கொண்டை ஊசி வளைவில் யார் வாந்தி எடுக்கிறார்களோ, அவர்கள் எதையோ மறைக்கிறார்களாம்.

"உள்ள கெடக்குறது வெளிய வரப் பாக்குது. மலை சும்மா விடுமா?" என்பார்.

இதனால் பின்சீட்டில் எங்கள் நிம்மதி போயிற்று. ஒருநாள் எங்களில் ஒருத்தியான பாண்டியம்மாள் மூன்றாம் வளைவில் தலையை வெளியே நீட்டினாள். அன்று முழுக்கக் காய் எடுத்தபடியே அவளைக் குடைந்தோம். பாவம், இல்லாத ரகசியத்துக்கு அவள் எங்கே போவாள்?

போன மாதம் அழகுமலைக்குக் கையில் சுளுக்கு. அவர் தம்பி ஜீப்பை ஓட்ட, அவர் எங்களோடு பின்னால் உட்கார்ந்தார். இரண்டாம் வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே குதித்தார்.

பாண்டியம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "அண்ணே, என்னத்த மறைக்கிறீக?"

வாயைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். சிறு வயதிலிருந்தே மலை ஏறினால் அவருக்குக் குமட்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் மட்டும் குமட்டாது. அதற்காகவே டிரைவரானவர், இருபது வருடமாக வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

ஆக, கொள்கை சரிதான். ஒரே ஒரு ஆளைப் பார்த்துச் செய்த கொள்கை, அவ்வளவுதான்.

மறுநாள் புதுக் கொள்கை வந்துவிட்டது. "வாந்தி எடுக்கிறவுகதான் வெள்ள மனசுக்காரவுக. உள்ள எதையும் வச்சுக்கத் தெரியாது."

பாண்டியம்மாள் விடவில்லை. "கை சரியானதும் வண்டிய நீங்கதான ஓட்டுவீக? அப்ப ஒங்க மனசு என்ன நெறம்ணே?"